டி8-ல் வலப் பாதித் தண்டுவடம் வெட்டுப்பட்டால் எந்தக் காலில் எந்த உணர்வு போகும்?

இயன்முறை_மாணவன்

தண்டுவடப் பாடத்தில் ஒரு பயிற்சிக் கேள்வி நான்கு இடத்தில் இடிக்கிறது. (சி கழுத்து, டி மார்பு, எல் இடுப்பு, எஸ் அதற்கும் கீழே; எண் மேலிருந்து கீழே.) கேள்வி இது: "டி8 முள்ளெலும்பின் உயரத்தில் தண்டுவடத்தின் வலப் பாதி மட்டும் முழுமையாக வெட்டுப்பட்டுள்ளது. காயம்பட்டு ஆறு மாதம் ஆகிறது. பரிசோதனையில் என்ன கிடைக்கும்?"

விடையில் உள்ளது: வலக் காலில் வலுவிழப்பு, விறைப்பு, துள்ளும் ரிஃப்ளெக்ஸ் (அனிச்சைச் செயல்). வலக் காலிலேயே அதிர்வும் மூட்டு நிலையும் தெரியாது. இடக் காலில் வலியும் சூடு குளிரும் தெரியாது, அந்த இழப்பு தொடையிடுக்கிலிருந்து கீழே.

என் சந்தேகங்கள்:

ஒரே வெட்டு. அதிர்வு வலப்பக்கம் போகிறது, வலி ஏன் இடப்பக்கம் போகிறது? பக்கம் மாறுவது என்று படித்திருக்கிறேன், ஆனால் பரீட்சையில் எது எங்கே மாறும் என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறது.

டி8 டெர்மடோம் (அந்த நரம்பு உணர்வூட்டும் தோல் பட்டை) மார்பெலும்பு நுனிக்கும் தொப்புளுக்கும் நடுவில் இருக்கிறது. அப்படியானால் இழப்பு அங்கிருந்துதானே தொடங்க வேண்டும்? தொடையிடுக்கு எப்படி வந்தது?

மூளையிலிருந்து கட்டளை வராமல் கால் செயலிழந்துவிட்டது. பிறகு முழங்கால் ரிஃப்ளெக்ஸ் குறையாமல் ஏன் கூடுகிறது?

விடையில் சாதாரணத் தொடுவுணர்வு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. விட்டுவிட்டார்களா?

முகுளம்

முதல் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டால் மற்றவற்றில் பாதி தானாகவே விழுந்துவிடும். ஒவ்வொரு பாதையிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நடுக்கோட்டை எங்கே தாண்டுகிறது? வெட்டு, தாண்டும் இடத்துக்குக் கீழே என்றால் இழப்பு அதே பக்கம். தாண்டும் இடத்துக்கு மேலே என்றால் எதிர்ப்பக்கம்.

டார்சல் காலம் (dorsal column, தண்டுவடத்தின் பின்புறத் தூண்) பாதை. அதிர்வு, மூட்டு நிலை, நுண்ணிய தொடுகை இதில் போகின்றன. வலக் கால் பெருவிரலில் தொடங்கும் இழைக்குச் சொந்தமான நரம்பணு, பின்வேர் முடிச்சில் இருக்கிறது. அந்த இழை தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் அதே வலப்பக்கத்துப் பின்புற வெண்பகுதியில் ஏறி, இடையில் நரம்பணு மாறாமல் முகுளம் (மூளைத்தண்டின் கீழ்ப்பகுதி) வரை போகிறது. பெருவிரலிலிருந்து முகுளம் வரை ஒரே நரம்பணு. உயரமானவர்களில் ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம். முகுளத்தில் கால் இழைகள் கிராசிலிஸ் திரளிலும், கை இழைகள் கியூனியேட்டஸ் திரளிலும் முடிகின்றன. இரண்டாவது நரம்பணு அங்கேதான் நடுக்கோட்டைத் தாண்டி, மீடியல் லெம்னிஸ்கஸ் என்ற இழைக்கட்டு ஆகி, மூளையின் நடுவில் உள்ள தலாமஸின் விபிஎல் பகுதிக்குப் போகிறது. மூன்றாவது நரம்பணு அங்கிருந்து மூளைப் புறணிக்கு. ஆக, தண்டுவடத்தில் எங்கே வெட்டினாலும் அது தாண்டும் இடத்துக்குக் கீழேதான். இழப்பு அதே பக்கம்.

ஸ்பைனோதலாமிக் பாதை. வலி, சூடு, குளிர், கரடுமுரடான தொடுகை. இங்கே முதல் நரம்பணு உள்ளே நுழைந்த சற்று நேரத்திலேயே பின்கொம்பில் (தண்டுவடச் சாம்பல் பகுதியின் பின்முனை) முடிந்துவிடுகிறது. இரண்டாவது நரம்பணு மையக் கால்வாய்க்கு முன்னால் உள்ள முன் வெண் இணைப்பு வழியாக எதிர்ப்பக்கம் தாண்டி, முன்பக்கவாட்டில் ஏறுகிறது. இடக் காலின் வலி, இடுப்புக்கு வரும்போதே தண்டுவடத்தின் வலப்பக்கத்தில் போய்க்கொண்டிருக்கும். டி8 உயரத்தில் வலப் பாதியை வெட்டினால் வெட்டுப்படுவது இடக் காலின் வலிதான்.

பலரும் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. வலி இழை நுழைந்த அதே மட்டத்தில் தாண்டுவதில்லை. லிஸாவர் பாதை வழியாக ஒன்றிரண்டு கண்டம் (ஒரு ஜோடி நரம்பு வேர் கிளம்பும் தண்டுவடத் துண்டு) ஏறியபடிதான் தாண்டி முடிக்கிறது. அதனால் வெட்டுக்கு உடனடியாகக் கீழே நுழைந்த இடப்பக்க இழைகள், வெட்டுக்கு மேலே போய்த் தாண்டித் தப்பிவிடும். வலி இழப்பின் மேல் எல்லை, வெட்டின் மட்டத்துக்கு ஒன்றிரண்டு டெர்மடோம் கீழே தொடங்குவது இதனால்தான். உங்கள் தொடையிடுக்குப் புதிரில் ஒரு பகுதி இது. மீதியை வேறு யாராவது எழுதுவார்கள்.

கார்டிகோஸ்பைனல் பாதை. இது இயக்கக் கட்டளையின் பாதை, மேலிருந்து கீழே. மூளைக்குள் இன்டர்னல் காப்சூல் என்ற இழைக்கட்டின் பின்கிளை, நடுமூளையின் முன்பகுதி, பான்ஸ் வழியாக வந்து, முகுளத்தின் கீழ்முனையில் பிரமிடு பகுதியில் பெரும்பங்கு இழைகள் எதிர்ப்பக்கம் போகின்றன. நூல்களில் 75 முதல் 90 சதவீதம் என்று போட்டிருக்கும். தாண்டியவை தண்டுவடத்தின் பக்கவாட்டில் இறங்குகின்றன. தாண்டாதவை முன்பக்கம் இறங்கி, பெரும்பாலும் உடற்பகுதித் தசைகளுக்குப் போகின்றன. டி8-க்கு வருவதற்கு முன்பே தாண்டியாயிற்று, அதனால் வலுவிழப்பு வெட்டிய பக்கமே.

ஒரு தாளில் நடுக்கோடு போட்டு, மூன்று பாதைகளையும் மூன்று நிறத்தில் வரையுங்கள். வலிக்கு மட்டும் தாண்டும் இடம் தண்டுவடத்துக்குள் விழும், மற்ற இரண்டுக்கும் முகுளத்தில் விழும். பரீட்சையில் குழப்பம் வந்தால் அந்தப் படத்தை விடைத்தாளின் ஓரத்தில் வரைந்துவிட்டு எழுதத் தொடங்குங்கள். ஒப்பிக்கிற பட்டியல் கைகொடுக்காத இடத்திலும் படம் கைகொடுக்கும்.

தொடுவுணர்வை அவர்கள் விடவில்லை. அது இரண்டு பாதைகளிலும் போகிறது. ஒரு பாதி வெட்டுப்பட்டால் மறுபாதி தாங்கிக்கொள்ளும். பஞ்சால் தொட்டால் "தெரிகிறது" என்றே நோயாளி சொல்லக்கூடும். பஞ்சை மட்டும் வைத்துப் பரிசோதித்துவிட்டு உணர்வு சரியாக இருக்கிறது என்று எழுதினால் இந்த நோயாளியிடம் முழுசாக ஏமாந்துபோவீர்கள்.

எல்1_எல்2

தொடையிடுக்கின் மீதிப் பகுதி என்னுடையது. கேள்வியில் "டி8 முள்ளெலும்பு" என்றிருக்கிறது, "டி8 கண்டம்" என்றில்லை. இரண்டும் ஒன்றல்ல.

பெரியவர்களில் தண்டுவடம் சுமார் 45 செ.மீ. தான், முதுகெலும்புத் தொடர் சுமார் 70 செ.மீ. கருவின் மூன்றாம் மாதத்தில் தண்டுவடம் கால்வாயை முழுக்க நிரப்பியிருக்கும். பிறகு எலும்பு வேகமாக வளர்கிறது. பிறக்கும்போது தண்டுவடத்தின் நுனி எல்3 அளவில் நிற்கும், பெரியவரில் எல்1-எல்2 இடைத்தட்டின் அளவுக்கு ஏறிவிடும். கழுத்தில் கண்டமும் எலும்பும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தாலும், கீழே போகப் போகக் கண்டம் எலும்பைவிட மேலே மேலே நிற்கும்.

வார்டில் பயன்படும் சுமாரான கணக்கு: கீழ்க்கழுத்து எலும்புக்கு 1 கூட்டுங்கள். டி1 முதல் டி6 வரை 2. டி7 முதல் டி9 வரை 3. டி10 எலும்பின் உயரத்தில் எல்1, எல்2 கண்டங்கள். டி11-ல் எல்3, எல்4. டி12-ல் எல்5 சுற்றுவட்டாரம். எல்1 எலும்புக்குள் சேக்ரல் (எஸ்) கண்டங்கள் எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கும்.

உங்கள் கணக்கு: டி8 எலும்பு, 3 கூட்டினால் டி11 கண்டம். அந்த டெர்மடோம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே (தொப்புள் டி10). முகுளம் சொன்னபடி வலி ஒன்றிரண்டு கண்டம் தள்ளித் தொடங்கும் என்றால் டி12 அல்லது எல்1. அதுதான் தொடையிடுக்கு. விடை சரி.

இன்னொன்றும் கிடைக்கும், உங்கள் விடையில் அது இல்லை. வலப்பக்கம் டி11 கண்டத்தின் பின்வேரும் பின்கொம்பும் வெட்டிலேயே அழிந்துவிட்டன. அதனால் வலப்பக்கம் தொப்புளுக்குக் கீழே ஒரு ஒடுங்கிய பட்டையில் எல்லா உணர்வுகளும் போயிருக்கும். தேடிப் பார்க்காவிட்டால் தட்டுப்படாது.

கழுத்தில் ஒரு பொறி: எலும்பு 7, நரம்பு வேர் 8. சி1 முதல் சி7 வேர்கள் அந்தந்த எண் எலும்புக்கு மேலே வெளிவரும். சி8, சி7 எலும்புக்கும் டி1 எலும்புக்கும் நடுவில். டி1-லிருந்து எல்லா வேரும் தன் எண் எலும்புக்குக் கீழே. மொத்தம் 31 ஜோடி.

எல்2-க்குக் கீழே தண்டுவடமே இல்லை, குதிரைவால் போன்ற நரம்பு வேர்க்கொத்து மட்டும். அங்கே அடிபட்டால் தளர்ந்த தசை, குறைந்த ரிஃப்ளெக்ஸ். விறைப்பும், உள்ளங்காலைக் கீறினால் மேல்நோக்கும் பெருவிரலும் எல்4-எல்5 இடைத்தட்டால் வரவே வராது. அப்படி ஒரு நோயாளி வந்தால் கோளாறு அதற்கு மேலே இருக்கிறது. இடுப்பை மட்டும் ஸ்கேன் எடுத்துவிட்டு "தட்டு லேசாகப் பிதுங்கியிருக்கிறது" என்று நிறுத்துவது ஆபத்தான தவறு. முள்ளந்தண்டு நீர் எடுக்க எல்3-எல்4 அல்லது எல்4-எல்5 இடைவெளியைத் தேர்ந்தெடுப்பதும் இதே காரணத்தால்தான். ஊசிக்கு வேர்கள் விலகிக் கொடுக்கும், தண்டுவடம் கொடுக்காது.

கூட்டல் கணக்கைச் சட்டமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நடுமார்பில் முள்நீட்சிகள் கீழ்நோக்கிச் சாய்ந்து அடுத்த எலும்பின் உயரத்துக்கு வந்துவிடும். முதுகில் விரல் வைத்து எண்ணுகிறவர் ஓர் எலும்பு தவறுவது சகஜம்.

ஊசியும்_இசைக்கவையும்

மேலே உள்ளதெல்லாம் சரி, ஆனால் பரிசோதனையைச் சரியாகச் செய்யாவிட்டால் இவ்வளவு உடற்கூறியலும் வீண். எங்கே சொதப்புகிறது என்று மட்டும் எழுதுகிறேன்.

வலிக்கு: ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் குண்டூசி போதும். ஊசி போடும் சிரிஞ்ச் ஊசி வேண்டாம், அது தோலை வெட்டும். முதலில் முகத்தில் குத்திக் காட்டி "இதுதான் கூர்மை" என்று பழக்குங்கள். பிறகு மரத்த பகுதியிலிருந்து நல்ல பகுதியை நோக்கி மேலே போங்கள். எங்கே கூர்மை தொடங்குகிறது என்பதைச் சொல்வது நோயாளிக்கு எளிது. "தெரிகிறதா?" என்று கேட்காதீர்கள். "கூரா, மழுங்கலா?" என்று கேளுங்கள். தெரிகிறது என்பவர் அழுத்தத்தைச் சொல்லலாம், வலியை அல்ல.

அதிர்வுக்கு: 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை. அடிப்பகுதியை எலும்பின் மேல் வையுங்கள், கால் பெருவிரல் மூட்டில் தொடங்குங்கள். அங்கே தெரியவில்லை என்றால் கணுக்கால், முழங்கால், இடுப்பெலும்பு முகடு என்று ஏறுங்கள். தொடங்கும்போது மட்டும் கேட்டால் போதாது, "எப்போது நின்றது?" என்று கேளுங்கள். சத்தத்தைக் கேட்டே பதில் சொல்கிறவர்களும் உண்டு. இடையில் ஒருமுறை அதிராத கவையை வைத்துப் பாருங்கள்.

மூட்டு நிலைக்கு: விரலைப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். மேலும் கீழுமாகப் பிடித்தால் உங்கள் விரலின் அழுத்தமே "மேலே, கீழே" என்று காட்டிக்கொடுத்துவிடும். அசைவு சில மில்லிமீட்டர் போதும். பெரிதாக ஆட்டினால் ஓரளவு இழப்புள்ளவரும் தேறிவிடுவார்.

இப்போது இரண்டு பொறிகள்.

முதலாவது மார்பில். கழுத்துப் பட்டையாக இறங்கும் சி4, மார்பின் மேல்பகுதியில் நேராக டி2-வைத் தொடுகிறது. இடையில் உள்ள சி5 முதல் டி1 வரை கைகளுக்குப் போய்விட்டன. ஒருவருக்குக் காறையெலும்புக்குச் சற்றுக் கீழே வரை உணர்வு இருக்கிறது, அதன் கீழே இல்லை என்றால், மார்பை மட்டும் பார்த்தவர் டி2 என்று எழுதுவார். உண்மையில் சி5-ஆகவும் இருக்கலாம். தோளின் வெளிப்பக்கம் (சி5), கட்டைவிரல் (சி6), நடுவிரல் (சி7), சுண்டுவிரல் (சி8) நான்கையும் குத்திப் பார்க்காமல் மேல்மார்பு மட்டத்தை நம்பவே கூடாது.

இரண்டாவது, பாதைகளுக்குள் இருக்கும் அடுக்கு. ஸ்பைனோதலாமிக் பாதையில் சேக்ரல் இழைகள் வெளிப்புறம், கழுத்து இழைகள் உட்புறம். புதிதாகத் தாண்டி வருபவை உட்பக்கம் ஒட்டிக்கொண்டே போவதால் இப்படி ஆகிறது. கழுத்தில் ஒரு கட்டி வெளியிலிருந்து அழுத்தினால் முதலில் போவது காலின் வலியுணர்வு. நோயாளி "இடுப்புக்குக் கீழே மரத்துவிட்டது" என்பார், கோளாறு கழுத்தில் இருக்கும். மரத்த மட்டம் கோளாறின் கீழ் வரம்பைத்தான் சொல்கிறது. உண்மையான இடம் அதே மட்டமாகவும் இருக்கலாம், வெகு மேலேயும் இருக்கலாம். தண்டுவடத்தின் உள்ளிருந்து கோளாறு வளர்ந்தால் கதை தலைகீழ்: ஆசனவாயைச் சுற்றிய எஸ்4-எஸ்5 உணர்வு கடைசி வரை தப்பி நிற்கும். கூச்சப்பட்டு அந்த இடத்தைப் பரிசோதிக்காமல் விடுபவர்கள், காயம் முழுமையானதா பகுதியானதா என்று சொல்லவே முடியாது; சர்வதேசத் தரப் படிவமே அந்தக் கடைசிக் கண்டத்தை வைத்துத்தான் அதை முடிவு செய்கிறது.

டார்சல் காலத்தில் அடுக்கு எதிர்மாறு: கால் நடுவில், கை வெளியே. டி6-க்கு மேலேதான் கைப்பக்கக் கட்டு சேர்கிறது.

முகுளம்

மூன்றாவது சந்தேகம் பாக்கி இருக்கிறதே. முழங்கால் ரிஃப்ளெக்ஸ் எல்2 முதல் எல்4 வரையுள்ள கண்டங்களிலேயே முடிகிற சுற்று. தசையின் நீட்சி உணர்வியிலிருந்து வரும் இழை முன்கொம்பின் இயக்க நரம்பணுவை நேரடியாகத் தொடுகிறது, இடையில் வேறு நரம்பணு இல்லை. டி11 வெட்டு இந்தச் சுற்றைத் தொடவில்லை. போனது மேலிருந்து வரும் கட்டுப்பாடு. கடிவாளம் அறுந்த குதிரை மாதிரி சுற்று தன்போக்கில் துள்ளுகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் கார்டிகோஸ்பைனல் பாதையின் மேல் போடாதீர்கள். விறைப்புக்கு முக்கியக் காரணம், அதன் பக்கத்திலேயே மூளைத்தண்டிலிருந்து இறங்கும் ரெட்டிகுலோஸ்பைனல் இழைகளின் அடக்கும் வேலை போய்விடுவது. தண்டுவடத்தில் இரண்டும் அருகருகே ஓடுவதால் சேர்ந்தே வெட்டுப்படும்.

கேள்வியில் "ஆறு மாதம்" என்று போட்டதும் சும்மா இல்லை. காயம்பட்ட உடனே போய்ப் பார்த்தால் தண்டுவட அதிர்ச்சி: தசை தளர்ந்து, ரிஃப்ளெக்ஸ் இல்லாமல் கிடக்கும். விறைப்பு வர வாரக்கணக்கில் ஆகும். முதல் நாளே "தளர்ச்சி, அதனால் கீழ்நரம்பணுக் (முன்கொம்பிலிருந்து தசைக்குப் போகும் நரம்பணு) கோளாறு" என்று எழுதினால் தவறு.

இயன்முறை_மாணவன்

மூவருக்கும் நன்றி. படம் போட்டுப் பார்த்தேன், இப்போது தெளிவாக இருக்கிறது. இன்னொரு கேள்வி: இரண்டு கைகளிலும் சூடு தெரியாமல் விரல்களில் தீக்காயத் தழும்பு, ஆனால் அதிர்வும் மூட்டு நிலையும் சரி, கால்கள் சரி. இது எப்படி?

எல்1_எல்2

உங்கள் படத்தில் மையக் கால்வாயைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பெரிதாக்குங்கள். முதலில் தட்டுவது முன் வெண் இணைப்பு. தாண்டிக்கொண்டிருக்கும் இழைகள் இரண்டு பக்கமும் அறுபடும், ஆனால் அந்தச் சில கண்டங்களுக்கு மட்டும். கீழேயிருந்து ஏற்கெனவே தாண்டி வெளியே போய்விட்ட கால் இழைகளுக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் இருக்கும் டார்சல் காலத்துக்கும் ஆகாது. இதுதான் சிரிங்கோமயீலியா, தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உண்டாகும் நோய். கழுத்தில் வந்தால் தோள், கைகளில் போர்வை போர்த்திய வடிவில் வலியும் சூடும் மட்டும் போகும். வட்டம் இன்னும் பெரிதானால் முன்கொம்பைத் தொட்டுக் கைத்தசை சூம்பும்.

இதே படத்தில் முன் மூன்றில் இரண்டு பங்கை அடித்துவிட்டால் முன் தண்டுவடத் தமனி அடைப்பு: இரு பக்கமும் வலுவும் வலியும் போய், அதிர்வு மட்டும் மிஞ்சும். பின்புறத்தையும் பக்கவாட்டையும் அடித்தால் பி12 குறைபாடு: அதிர்வு போய், கால் விறைத்து, வலியுணர்வு பெரும்பாலும் தப்பும்.

முகுளம்

ஒன்று நான் கேட்கிறேன். இடப் பாதி, சி8-டி1 கண்டம், பழைய காயம். எழுதுங்கள்.

இயன்முறை_மாணவன்

இடக் கால் விறைப்பு, அதிர்வும் மூட்டு நிலையும் இல்லை. வலப்பக்கம் டி2 அல்லது டி3-லிருந்து கீழே வலியும் சூடும் இல்லை, வலக் கை தப்பும். இடக் கையில் முன்கொம்பே அழிந்ததால் உள்ளங்கைச் சிறுதசைகள் சூம்பும், சுண்டுவிரலிலும் முன்கையின் உட்புறத்திலும் எல்லா உணர்வும் போகும். கட்டைவிரலின் அதிர்வு சரியாக இருக்கும், ஏனென்றால் சி6 வெட்டுக்கு மேலே நுழைகிறது. முத்தலைத் தசை (ட்ரைசெப்ஸ்) ரிஃப்ளெக்ஸ் சி7, அதனால் அதுவும் இருக்கும். வேறு ஏதாவது?

முகுளம்

முகத்தைப் பார்க்கவில்லை. சி8-டி1 மட்டத்தில் பக்கக்கொம்பு தொடங்குகிறது, கண்பாவையை விரிக்கும் சிம்பதெடிக் (தன்னியக்க) நரம்பணுக்கள் சி8 முதல் டி2 வரை அங்கே இருக்கின்றன. மூளையிலிருந்து அவற்றுக்கு வரும் இழைகளும் தண்டுவடத்தில் அதே பக்கமே இறங்குகின்றன. ஆகவே இடக் கண்ணிமை லேசாகத் தொங்கும், இடப் பாவை சுருங்கியிருக்கும், முகத்தின் அந்தப் பாதி வியர்க்காது. வெளிச்சமான அறையில் பார்த்தால் பாவை வித்தியாசம் தெரியாமல் போகலாம். விளக்கை மங்கலாக்கிவிட்டுப் பாருங்கள், வலப் பாவை சட்டென்று விரியும், இடது பின்தங்கும்.